லிஃப்ட் வேண்டாம் என்று கை தூக்கியவள்

இடுப்பெலும்பு உடைந்ததை நான் மன்னித்துவிட்டேன். பனிக்கட்டி வேண்டுமென்று செய்யவில்லை. ஜனவரி மாதத்தில் அது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. நான்தான் பார்க்காமல் காலை வைத்தேன். ரவுனியை மட்டும் மன்னிக்கவில்லை. இதைச் சொல்லி முடிக்கும்போதும் மன்னித்திருக்க மாட்டேன். ஆகவே கடைசியில் நாங்கள் கட்டிப்பிடித்து அழுவோம் என்று யாரும் கைக்குட்டையோடு காத்திருக்க வேண்டாம்.

என் பெயர் ஹில்கா. வயது எழுபத்தாறு. வர்காவுஸ் என்ற வடநாட்டுச் சிறு நகரத்தில், காகித ஆலைக்குப் பின்புறம் இருக்கும் நாலு அடுக்குக் கட்டடத்தில் உச்சி வீடு என்னுடையது. கட்டின காலத்தில் லிஃப்ட் வைக்கவில்லை. ஐம்பத்துநாலு படி. முப்பத்தொரு வருடம் உருளைக்கிழங்கு மூட்டையோடும் ஈரக் கம்பளத்தோடும் ஏறி இறங்கியிருக்கிறேன், ஒரு நாளும் எண்ணியதில்லை. பிப்ரவரியில் ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் மேலே வைத்தார்களே, அன்றைக்குத்தான் எண்ணினேன். அதன் பிறகு ஏழு வாரம் கீழே இறங்கவில்லை.

ரவுனி தரைத்தளம். என்னைவிட இரண்டு வயது சின்னவள். குடியிருப்போர் சங்கத்தின் தலைவி. வெள்ளிக்கிழமை ஐந்திலிருந்து ஆறு மணிவரை நிலவறைச் சவுனா, அதாவது நீராவிக் குளியலறை, எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒதுக்கிய முறை. இருபது வருடம் ஒருத்தி முதுகை மற்றவள் தேய்த்துவிட்டிருக்கிறோம். அப்படிப்பட்டவள் செய்ததைக் கேளுங்கள்.

ஏப்ரலில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அந்த வருடம் லிஃப்ட் வைக்கலாமா என்று ஓட்டெடுப்பு. என் ஓட்டை நானே போடவேண்டும் என்று பிடிவாதமாக இறங்கினேன். நடந்து இல்லை, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, பின்புறத்தால். நாற்பது நிமிடம் ஆயிற்று. பாவாடையெல்லாம் தூசியோடு கூட்ட அறைக்குள் போனபோது ரவுனி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"என்ன ஹில்கா, இந்த வாரம் படி துடைக்கிற முறை உன்னுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

பிறகு ஓட்டு. எட்டுப் பேர் லிஃப்டுக்கு ஆதரவு, எட்டுப் பேர் எதிர்ப்பு. தலைவி கடைசி. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எதிர்ப்புக்குக் கை தூக்கினாள். "படி ஏற முடியாதவங்க, படியில்லாத இடத்துக்குப் போறதுதான் முறை. அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி" என்றாள். குரலில் அப்படி ஒரு கரிசனம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

அன்று இரவே ஊலு நகரத்திலிருக்கும் என் மகள் பைவிக்கும் ரவுனியே போன் போட்டு இதையே சொல்லிவிட்டாள். மறுநாள் பைவி கூப்பிட்டாள்.

"அம்மா, முதியோர் இல்லத்துல உன் பேரைப் பதிஞ்சுட்டேன். செப்டம்பர்ல இடம் காலியாகுது."

"நான் போகமாட்டேன்."

"அப்ப எப்படி இருப்ப? மேலயே அடைஞ்சு கிடப்பியா? தீப்பிடிச்சா யார் உன்னைத் தூக்கிட்டு இறங்குவாங்க?"

"ஆகஸ்ட் முடியறதுக்குள்ள அம்பத்திநாலு படியையும் நானே ஏறிக் காட்டறேன். ஏறினா இடத்தை வேண்டாம்னு சொல்லு. ஏறலைன்னா நீ சொல்ற இடத்துக்குப் பெட்டியைக் கட்டறேன்."

பைவி செவிலி, முறை மாற்றி ஓடிவர அவளுக்கு நேரம் கிடையாது. "சரி. ஆனா நீ சொன்னா நம்பமாட்டேன். ஒடஞ்ச இடுப்போட ரெண்டு நாள் ‘ஒண்ணுமில்ல, சுளுக்கு’ன்னவ நீ. ரவுனி அத்தை பக்கத்துல நின்னு பாத்துச் சொல்லட்டும்" என்றாள்.

திருடன் கையில் சாவி. ஆனால் வேறு வழி இல்லை. ஒப்புக்கொண்டேன்.

நகராட்சி மெர்யா என்ற பிசியோவை அனுப்பியது. ஐம்பதை நெருங்கும் பெண், பேச்சு குறைவு, கை இரும்பு. சமையலறை நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள்.

"கையை மார்ல கட்டிக்கோங்க ஹில்காம்மா. எழுந்திருங்க."

எழ முயன்றேன். நாற்காலி என்னை விடவில்லை.

"முன்னால சாயாம யாராலயும் எழுந்திருக்க முடியாது. பாதத்தை முட்டிக்குப் பின்னால இழுங்க. மூக்கு கால்விரலுக்கு நேரா வரட்டும். இப்ப தரையை மிதிச்சுத் தள்ளுங்க."

மூன்றாவது தடவை எழுந்துவிட்டேன். எழுந்த வேகத்தில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"விழாதீங்க. இறங்குங்க. மெதுவா இறங்கறதுலதான் தொடைக்கு வேலை."

காலையில் பத்து, மாலையில் பத்து. பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்குவது. சுவரோரம் நின்று காலைப் பக்கவாட்டில் தூக்குவது. பிறகு வாசலுக்கு வெளியே ஒரே ஒரு படி: ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. எண்ணிக்கை அலுத்துப்போனதால் நான் வேறு ஒன்று கண்டுபிடித்தேன். எழும்போது "ரவு", உட்காரும்போது "னி". அவள் பெயரைச் சொன்னால் தொடையில் எங்கிருந்தோ பலம் வந்தது. அது பாசமில்லை என்று சொல்லத் தேவையில்லை.

மெர்யா ஒருநாள் காதில் வாங்கிவிட்டாள். "யாரு அது, ரவுனி?"

"கீழ்வீட்டுக்காரி. அவளைப் பழிவாங்கத்தான் இத்தனையும்."

"எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றாள் மெர்யா. "பேரப்பிள்ளைக் கல்யாணத்துல ஆடணும்னு சொல்றவங்க ரெண்டு வாரத்துல விட்டுடறாங்க."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. மே மாதத்தில் மெர்யா சொன்னதைவிடப் பத்து மடங்கு செய்தேன். ஒரே நாளில் இருநூறு தடவை எழுந்து உட்கார்ந்தேன். முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. பத்து நாள் படுக்கை. மெர்யா வந்து பார்த்துவிட்டு, "ஓய்வு நாள்லதான் சதை வளரும். முட்டை, மீன், தயிர்க்கட்டி சாப்பிடுங்க. கோபத்தை மட்டும் தின்னா கால் வளராது" என்று திட்டினாள். அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்தான். பொறுமை எனக்கு வராது, வரவழைத்தேன்.

ஜூனில் உட்காராமல் ஒரு தளம் ஏறினேன், மற்ற இரண்டு தளமும் பழையபடி பின்புறத்தால்தான். பதினெட்டுப் படி. நகராட்சி மெர்யாவை அனுப்பும் தவணை அத்தோடு முடிந்துவிட்டது. கைகுலுக்கிவிட்டுப் போனாள். மிச்சம் இருந்த முப்பத்தாறு படிகளும் என் பாடு.

ரவுனி சும்மா இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் யாரோடும் முகத்துக்கு முகம் சண்டை போடுவதில்லை, நோட்டீஸ் ஒட்டுவார்கள். முற்றத்தில் நடக்க எனக்கு ஒரு சக்கர வாக்கர் கொடுத்திருந்தார்கள். அதை மேலே தூக்கிப்போக முடியாது, ஆகவே படிக்கட்டின் அடியில் சுவரோரம் நிறுத்தியிருந்தேன். ஒருநாள் பலகையில் தாள்: "படிக்கட்டில் பொருள்கள் வைப்பது தீயணைப்பு விதிப்படி தடை. உரிய நபர் அகற்றவும். — நிர்வாகம்." நிர்வாகமாம். அந்தக் கோணல் கையெழுத்தை நான் இருபது வருடமாகச் சவுனா முறைப் பட்டியலில் பார்க்கிறேன். அதன் கீழே எழுதினேன்: "உரிய நபரின் பெயர் ஹில்கா. உனக்குத் தெரியும்." மறுநாள் தாளையும் காணோம், வாக்கரையும் காணோம். வாக்கர் முற்றத்தில், மழையில், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தது.

அதை நான் திரும்ப எடுக்கவில்லை. வாக்கர் இல்லாமலேயே நடக்கப் பழகினேன். கைப்பிடிக் கம்பியை விரலால் தொட்டுக்கொண்டு படி ஏறினேன். ஜூலையில் இரண்டு தளம். நான் தரைத்தளத்தைத் தாண்டும்போதெல்லாம் ரவுனி வீட்டுக் கதவின் பார்வைத் துளை இருட்டாகும். பார்க்கட்டும் என்று இன்னும் நிமிர்ந்து நடப்பேன்.

ஆகஸ்ட் இருபத்தெட்டு, புதன்கிழமை. ரவுனியின் கதவைத் தட்டினேன். "வா. பாரு" என்றேன். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். ஏறினேன். பதினெட்டில் நிற்கவில்லை. முப்பத்தாறில் மூச்சு இரைத்தது, நிற்கவில்லை. ஐம்பத்துநாலாவது படியில் நின்று கம்பிக்கு மேலே எட்டிப்பார்த்தேன். கீழே அவளுடைய நரைத்த உச்சந்தலை தெரிந்தது. "பாத்தியா?" என்று கத்தினேன். கதவைச் சாத்திக்கொண்டாள். பொறாமை என்று நினைத்து எனக்கு ஒரே குளிர்ச்சி. அன்று இரவு கறுப்பு ரொட்டியில் வெண்ணெயை இரட்டையாகத் தடவித் தின்றேன்.

வியாழக்கிழமை பைவி கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அம்மா, ரவுனி அத்தை சொல்லிட்டாங்க. பாதியிலேயே உக்காந்துட்டியாமே. நாலு கால்ல தவழ்ந்து போனியாமே."

"பொய்!"

"அம்மா..."

"அவ பொய் சொல்றா பைவி! நான் நிக்கவே இல்ல!"

"அவங்க எதுக்கும்மா பொய் சொல்லப்போறாங்க? அழுதுக்கிட்டே சொன்னாங்க. திங்கட்கிழமை காலைல இல்லத்துக்குப் பதில் சொல்லணும். நீதானே வார்த்தை குடுத்த?"

போனை வைத்தேன். ஐந்து மாதம் நான் எழுப்பிய தொடையை ஒரே வாக்கியத்தில் ஒடித்துப் போட்டுவிட்டாள். அவள் கழுத்தை நெரிக்கவேண்டும்போல் இருந்தது. நெரித்திருப்பேன், நடுவில் ஐம்பத்துநாலு படி இருந்தது. இறங்குவதற்குள் யோசனை வந்துவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஐந்து மணி. விழுந்ததிலிருந்து நான் சவுனாவுக்குப் போனதில்லை. அந்த முறை இன்னும் என்னுடையதுதான்.

எங்கள் சவுனாவில் மூன்று பலகை. மேல் பலகையில் அடுப்பை ஒட்டி உட்காருபவள் கையில்தான், காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்பும் அகப்பை. அந்த இடம் என்னுடையது. கீழ்ப் பலகையில் குழந்தைகள்தான் உட்காருவார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. யார் முதலில் வெளியே ஓடுகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பல் முளைக்கும்போதே தெரிந்துவிடும்.

ஐந்தேகாலுக்கு நிலவறைக்கு இறங்கினேன். ஆணியில் அவள் துணி தொங்கியது. உள்ளே போனால், ரவுனி கீழ்ப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"வந்துட்டியா. எப்படி இறங்கின? இன்னிக்கும் பின்பக்கத்தாலதானா?"

"மேல ஏன் உக்காரல?"

"விருந்தாளிக்கு விட்டுவெச்சேன். ஏறு பாக்கலாம்."

ஏறினேன். அவள் தோளைத் தாண்டி ஒரு பலகை, இரண்டு பலகை, உச்சி. அகப்பையை எடுத்தேன். கல்லின்மேல் ஒன்று. இரண்டு. மூன்று. சூடு மேலேதான் ஏறும் என்பது ஆத்திரத்தில் எனக்கு மறந்தே போயிற்று. என் காது பற்றியெரிந்தது. அவள் கீழே சௌகரியமாக இருந்தாள்.

"பைவிகிட்ட என்ன சொன்ன?"

"பாத்ததைச் சொன்னேன்."

"எத்தனாவது படியில உக்காந்தேன்? சொல்லு."

"இருபதோ முப்பதோ. நான் என்ன எண்ணிக்கிட்டா இருந்தேன்?"

"நான் எண்ணினேன்டி!"

இன்னொரு அகப்பை. அவள் அசையவில்லை. போட்டிக்கு நிற்கிறாள் என்று நினைத்தேன். செத்தாலும் முதலில் நான் இறங்குவதில்லை என்று பல்லைக் கடித்தேன். ஐந்தே முக்கால் ஆயிற்று. மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. அவள் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. வெளியே போ, சனியனே, போய்த் தொலை என்று மனதுக்குள் கரித்துக் கொட்டினேன்.

அப்போதுதான் பார்த்தேன். அவள் கை பலகையின் விளிம்பைப் பிடித்திருந்தது. அழுத்தினாள். இரண்டு அங்குலம் எழுந்தாள். திரும்ப விழுந்தாள். பிறகு உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக்கட்டை எடுக்கத்தான் குனிந்தாள் என்பதுபோல் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் தொடையைக் கவனித்தேன். தோல்தான் தொங்கியது, உள்ளே ஒன்றும் இல்லை. இருபது வருடத்தில் அவள் ஏறினது வாசலில் நாலு படியும், கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு இந்த நிலவறைப் படியும்தான். மற்ற நேரமெல்லாம் டெலிவிஷன் முன்னால் சாய்வு நாற்காலி. இவள் போட்டி போடவில்லை. எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் முதலில் போய்விட்டால் என் கண்ணில் படாமல் உருண்டு புரண்டாவது எழுந்துவிடலாம் என்று இருந்திருக்கிறாள். நானோ அவள் தலையில் நெருப்பைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

இறங்கிப்போய்க் கதவை அகலத் திறந்து வைத்தேன். ஒரு செம்பு குளிர்ந்த தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். கையை நீட்டினாள்.

"கை குடு."

"மாட்டேன்."

"விளையாடாத ஹில்கா. ஆறு மணி முறைக்கு ரெண்டாம் மாடி வெய்னோ வந்துடுவான்."

"வரட்டும். நல்ல பலசாலி. அப்படியே அள்ளித் தூக்குவான். நாளைக்கு அவனே நோட்டீஸ் ஒட்டுவான், சவுனாவுல பொருள் வைக்கக் கூடாதுன்னு."

அவள் அழுதாள். புருஷன் செத்தபோதுகூட நேராக நின்றவள், அம்மணமாக, இலைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். சொல்ல வெட்கமில்லை, எனக்கு இனித்தது. ஐந்து மாதமாக இந்தக் காட்சிக்குத்தான் எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "நான் உனக்கு என்ன பண்ணினேன்?"

மூக்கை உறிஞ்சினாள். "எல்லாரும் உன் காலையே பாத்தாங்க. அதுவரைக்கும் என் காலை யாரும் பாக்கல. நீ ஏறிட்டா, ‘ஹில்காவே ஏறிட்டா, உனக்கென்ன கேடு’ன்னு என் பையன் கேப்பான். அவன் பையிலயும் அந்த இல்லத்துக் காகிதம் இருக்கு. போன மாசமே பாத்துட்டேன்."

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்ததா? வந்தது, ஒரு சொட்டு. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. தன் பயத்துக்கு என் வீட்டைக் காவு கொடுக்கப் பார்த்திருக்கிறாள்.

"நான் தூக்கமாட்டேன். நீயே எழுந்திரிக்கப்போற. எழுந்து, உன் வீட்டுக்குப் போய், என் கண் முன்னால பைவிக்குப் போன் போடற. சம்மதமா?"

தலையை ஆட்டினாள்.

"வாயால சொல்லு."

"சம்மதம்."

ஈரத்தில் வழுக்காமல் இருக்க அவள் காலடியில் ஒரு துண்டைப் போட்டேன். "பாதத்தைப் பின்னால இழு. இன்னும். முட்டிக்குப் பின்னால. முன்னால சாய்."

"விழுந்துடுவேன்."

"விழமாட்ட. மூக்கு கால்விரலுக்கு நேரா வரணும். வரட்டும். இப்ப தரையை மிதிச்சுத் தள்ளு."

விழுந்தாள். மறுபடி. விழுந்தாள். மூன்றாவது தடவை பாதி எழுந்து, என் கையைத் தேடினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். படிக்கட்டில் வெய்னோவின் சீட்டிச் சத்தம் கேட்டது. நாலாவது தடவை, என்னைப் பார்த்து ஒரு கெட்டவார்த்தை சொன்னாள், சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். உடம்பு ஆட்டம் கண்டது, ஆனால் நின்றாள்.

"பாத்தியா, கோபம் வந்தா கால் கேக்கும்" என்றேன்.

கம்பியைப் பிடித்து மேலே ஏறி வந்து, தன் வீட்டு நடையில், தலையில் துண்டோடு, அவள் எண்களைச் சுழற்றினாள். நான் போனுக்கு ஒரு சாண் தள்ளி நின்றேன்.

"பைவி, நான் ரவுனி பேசறேன். அன்னிக்கு நான் சொன்னது பொய். உன் அம்மா அம்பத்திநாலும் ஏறினா. எங்கயும் நிக்கல."

பைவியின் குரல் எனக்கும் கேட்டது: "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

ரவுனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "என்னால ஏற முடியாது. அதான்" என்றாள்.

ரிசீவரை வாங்கி நான் பேசினேன். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக பைவி சொன்னாள். அழுதாள். அழட்டும். என்னை நம்பாததற்கு அவளும் கொஞ்சம் அழவேண்டியதுதான்.

போனை வைத்துவிட்டுக் கிளம்பினேன். ரவுனி சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல் வரை வந்தாள்.

"அப்ப முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "சரிக்குச் சரியா?"

"எங்க முடிஞ்சுது? நாளைக்கு ஒன்பது மணிக்குக் காப்பிக்கு வா. ஏலக்காய் ரொட்டி சுடறேன்."

அவள் முகம் மலர்ந்தது. பழைய ரவுனி. "இங்கயே போடறேனே. நீ எதுக்குச் சிரமப்படற?"

"இல்ல. என் வீட்டுல."

அவள் மேலே பார்த்தாள். படிக்கட்டு வளைந்து வளைந்து போய் இருட்டில் முடிந்தது.

"அவ்வளவு படி நான் எப்படிடி ஏறுவேன்? லிஃப்ட்கூட இல்லையே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமா, இல்லை" என்றேன். "ஏழு மணிக்கே கிளம்பிடு. காப்பி ஆறிடும்."